வெள்ளைக்கல் பாலத்தில் எரிந்த விளக்கு

மழை விட்டிருந்த ஒரு மதியம் பாவ்ஜூ அக்கா அந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம், செத்தவர்கள் ஊருக்குள் வந்து போகிற மாதம், பிறந்திருந்தது. தெருவெங்கும் வாசலுக்கு வாசல் மேசை போட்டு, செத்தவர்களுக்கெல்லாம் பழமும் பிஸ்கட்டும் படைத்துக்கொண்டிருந்தார்கள். காகிதப் பணம் எரிந்த சாம்பல் பறந்து வந்து என் ஸ்பேனர்களின்மேல் படிந்ததில் நான் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். எனக்கு இந்தச் சமாசாரங்களில் நம்பிக்கை கிடையாது. என் மனைவி யாஃபெங் பக்தியோடு படையல் வைப்பாள். ஊதுபத்தி அணைவதற்குள் நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிடுவேன். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் எங்களுக்குள் வந்த சண்டையில் பாதி அந்த பிஸ்கட்டுக்காகத்தான்.

வண்டி பாவ்ஜூ அக்காவின் ஒரே மகன் குவான்லினுடையது. அவன் வசந்த காலத்தில் வெள்ளைக்கல் பாலத்தில் செத்துப்போனான்.

"ஏன் தள்ளிக்கிட்டு வர்றே? ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆகுது. ஏறி உக்கார மனசு வரலை தம்பி." அவள் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த லைட்டைக் கொஞ்சம் பாரு. அணையவே மாட்டேங்குது."

சாவியைத் திருப்பினேன். மீட்டரில், பெட்ரோல் குறைந்தால் எரிகிற மஞ்சள் விளக்கு எரிந்தது. டேங்கைத் திறந்து பார்த்தேன். கழுத்துவரை பெட்ரோல் இருந்தது.

குவான்லின் செத்த அன்று எரிய வேண்டியபோது எரியாமல் போனது இதே விளக்குதான். டேங்க் காலியாகி, அடைமழையில், பாலத்தின் நடுவில் வண்டி நின்றுபோனது. பையன் இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். பின்னால் கல் ஏற்றி வந்த லாரிக்காரன் கண்ணில் அவன் படவில்லை. வண்டிக்கு ஒரு கீறல்தான். அவனைக் கீழே ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

"எப்போலேருந்து எரியுது?"

"ஒண்ணாந்தேதியிலேருந்து." மாதத்தின் முதல் நாளைத்தான் சொன்னாள். பாதாளத்தின் கதவைத் திறந்துவிடுகிற நாள். "அவன் வீட்டுக்கு வரலை லியாங். அதைத்தான் சொல்றான்."

"அக்கா, வயர்ல ஷார்ட் ஆகியிருக்கும். அதுக்குப் போய்..."

"அன்னிக்குப் பூசாரி பாலத்துல நின்னு அவனைக் கூப்பிட்டார் இல்ல? கட்டை ஒரு தடவைகூட 'ஆமா'ன்னு விழலை."

நானும் அன்று கூட்டத்தில் குடையோடு நின்றேன். வழியில் செத்தவனை அந்த இடத்துக்கே போய்க் கூப்பிட்டுத்தான் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போட்டு, வந்துவிட்டாயா என்று கேட்பார்கள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

"கடைசியில விழுந்துச்சே அக்கா. நான் பார்த்தேனே."

"விழலை. என் கொழுந்தன் செருப்பு பட்டு உருண்டுச்சு. மழை கொட்டுது, பூசாரிக்கு இன்னொரு சாவுக்குப் போகணும், எல்லாரும் ஆமா ஆமான்னு சொல்லிட்டு வேன்ல ஏறிட்டாங்க. நான் ஒருத்தி சொன்னா யாரு கேக்குறா?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "என் புள்ளை அந்தப் பாலத்துலயே நனைஞ்சிக்கிட்டு நிக்கிறான். அவன் வீட்டுக்கு வந்துட்டா எனக்குப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

சரி, விளக்கைச் சரிசெய்து கொடுத்தால் மனசாவது ஆறும் என்று வேலையில் இறங்கினேன்.

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டேங்குக்குள் விரல்நுனி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும்வரை அது குளிர்ந்திருக்கும். பெட்ரோல் இறங்கினால் சூடாகும். சூடானால் மேலே விளக்கு எரியும். அவ்வளவுதான். டேங்கைத் தூக்கி, சென்சாரின் வயரை இணைக்கிற கப்ளரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

அணையவில்லை.

அப்படியானால் நடுவில் எங்கோ வயர் உரசுகிறது. ஹேண்டில் பக்கம், சட்டத்துக்கு அடியில், சீட்டுக்குக் கீழே என்று இஞ்ச் இஞ்சாகத் தடவிப் பார்த்தேன். டேப்பைப் பிரித்தேன், மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். வயர் புத்தம் புதிதுபோல் இருந்தது. சாயங்காலம்வரை தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் சென்சாரையும் மாற்றி, பல்பையும் மாற்றினேன்.

விளக்கு அணைந்தது.

"பார்த்தியா அக்கா, சாமியும் இல்லை, பூதமும் இல்லை. சென்சார்தான்."

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு மத்தியானம் பாலத்துக்கு ஓட்டு. நான் பின்னாடி உக்கார்றேன்."

*

மறுநாள் கிளம்பும்போது வெயில் இருந்தது. மலைத்திருப்பம் தாண்டியதும் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. ஆற்றுக்குள் கிடக்கிற வெள்ளைக் கற்கள் மட்டும் கீழே மங்கலாகத் தெரிந்தன. பின்சீட்டில் அக்கா ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

பாலத்தின் முதல் தூணைத் தாண்டினோம்.

விளக்கு எரிந்தது.

எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கிறது, நானே ஊற்றியது. வண்டி தானாக உருண்டு பாலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டது.

வேறு எந்த வண்டியும் வரவில்லை. கீழே தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் கேட்டது. ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. நாள்பட்ட, அழுகின வாடை. நான் சுவிட்சை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா இறங்கினாள். பையிலிருந்து ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தினாள். பிறைக்கட்டைகளை இரு கைக்குள் பொத்திக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"குவா..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏழாம் மாசம். வெளியில பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

அது சரிதான். இந்த மாதத்தில் வெளியில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள். நம்பிக்கையே இல்லாத நான்கூட யாஃபெங்கை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலிருந்து அடிவாங்கிப் பழகிய பழக்கம், அவ்வளவு சுலபத்தில் போகுமா?

"மகனே," என்று மட்டும் சொன்னாள். "அம்மா வந்திருக்கேன்டா. பசிக்குதா? குளிருதா? வா, வீட்டுக்குப் போகலாம்."

கட்டைகளைப் போட்டாள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க.

மறுபடியும் போட்டாள். அதேதான்.

மூன்றாவது முறை அவள் கையிலிருந்து போட்டதாகவே எனக்குத் தெரியவில்லை. கட்டைகள் கீழே கிடந்தன. ஆமாம் என்று கிடந்தன.

அவள் அழுதுகொண்டே ஏறி உட்கார்ந்தாள். சுவிட்சைத் தொட்டதும் எஞ்சின் உறுமியது. கிளட்சை விட்டேன். வண்டியின் பின்பக்கம் அப்படியே அமுங்கியது. ஷாக் அப்சார்பர் அடிவரை இறங்கி, டயர் மட்காடில் உரசுகிற சத்தம் கேட்டது. பாவ்ஜூ அக்கா கொக்கு மாதிரி ஒல்லியானவள். நான்கு மூட்டை அரிசி ஏற்றியதுபோல் வண்டி முக்கி முனகிக்கொண்டு நகர்ந்தது.

வழியில் ஒவ்வொரு சின்னப் பாலத்துக்கும் அவள் பின்னால் திரும்பிச் சொன்னாள். "பாலம் வருது மகனே. அம்மாவைப் பிடிச்சுக்கோ. விட்டுடாதே."

விளக்கு அவள் வீட்டு வாசல்வரை எரிந்தது. அங்கே அணைந்தது. பின்பக்கம் லேசாகி மேலே எழும்பியது.

அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "வா, உள்ள வா," என்றாள். "வா, வா." நான் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் உள்ளே போவதற்கு அவ்வளவு நேரம் எதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று தோன்றியது. அதை நினைக்கக் கூடாது என்றும் தோன்றியது.

"வண்டியை நீயே வித்துடு தம்பி," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "எம்புள்ளை வந்துட்டான். இனி எனக்கு எதுக்கு அது?"

*

அவள் வீட்டோடு சேர்த்துக் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தாள். முட்டை வைத்துச் சுருட்டின ரொட்டியும் சோயாப் பாலும் அங்கேதான் ஊரே சாப்பிடும். அந்த வாரம் முழுக்க கடையின் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. அடுப்புப் புகை மட்டும் நாள் முழுக்க வந்துகொண்டிருந்தது. ஒரு காலை நான் குனிந்து உள்ளே போனேன்.

"ரொட்டி இருக்கா அக்கா?"

"உனக்கு இல்லை," என்றாள், சிரித்துக்கொண்டே. இளைத்துப்போயிருந்தாள், கன்னம் ஒட்டியிருந்தது. கல்லில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. "எல்லாம் அவனுக்குத்தான். அப்பப்பா, என்ன பசி தெரியுமா அவனுக்கு? எவ்வளவு போட்டாலும் இன்னும் இன்னுங்குறான்."

"குவான்லின் ஒரு ரொட்டிக்கு மேல சாப்பிட மாட்டானே. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவான்னு நீயே கிண்டல் பண்ணுவியே."

"ஆத்துல கெடந்த புள்ளை இல்லையா."

சுவரில் குவான்லினின் படம் இருந்தது. திருப்பி மாட்டியிருந்தாள்.

"ஏன் அக்கா படத்தை...?"

"அவனுக்குப் பிடிக்கலையாம்."

நான் மாவு பிசைகிற மேசையைப் பார்த்தேன். மேசை முழுக்க மாவு தூவியிருந்தது. மாவின்மேல் கைத்தடங்கள். அவள் கை இல்லை. பச்சைக் குழந்தையின் உள்ளங்கை ஒன்று. கொஞ்சம் பெரிய பிள்ளையின் கை ஒன்று. அதற்கு அப்பால் அகலமான ஒரு முரட்டுக் கை. அதில் இரண்டு விரல்கள் இல்லை.

குவான்லினுக்குப் பத்து விரலும் இருந்தன.

உள்ளறையில் யாரோ "அம்மா" என்றார்கள். மேசைக்கு அடியிலிருந்தும் யாரோ அதையே சொன்னார்கள்.

"தோ வர்றேன் ராசா," என்று அவள் ரொட்டியைத் தட்டில் போட்டாள்.

எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து யாஃபெங்கிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைக் காலத்துக்கும் பரிகாசம் பண்ணுவாளே என்ற வீம்பு. வண்டியை எடுத்தேன். மீட்டரைத் திறந்து அந்த விளக்கின் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக வெள்ளைக்கல் பாலத்துக்கு ஓட்டினேன். அங்கே ஒன்றுமில்லை என்று எனக்கு நானே நிரூபிக்க வேண்டியிருந்தது.

முதல் தூணைத் தாண்டினேன்.

பல்ப் இல்லாத குழியில் மஞ்சளாக எரிந்தது.

*

யாஃபெங் பரிகசிக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பாலத்துல அக்கா என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க?"

"பேரே சொல்லலை. மகனேன்னு."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஐயோ பாவி மனுஷா," என்றாள் மெதுவாக. "பேரு சொல்லக் கூடாதுங்கிறது உசுரோட இருக்கிறவங்களுக்குத்தான். செத்தவனைக் கூப்பிடுறப்போ பேரு, பொறந்த நாளு, வீட்டு விலாசம், எல்லாம் சொன்னாத்தானே அவன் மட்டும் வருவான்? அந்தப் பாலத்துல எத்தனை பேரு கெடக்குறாங்க. ரோடு போடுறப்போ வெடியில போனவங்க, புயல்ல அடிச்சிட்டுப் போன புள்ளைங்க. அவங்களையெல்லாம் யாரு வந்து கூப்பிட்டா? ஒரு அம்மா வந்து மகனே, பசிக்குதான்னு கேட்டா எவன் வரமாட்டான்?"

"அப்ப குவான்லின்?"

"அவன் புதுசு. கூட்டத்துல கடைசியில நின்னிருப்பான். அன்னிக்குப் பூசாரி கூப்பிட்டப்பவும் அவனை முன்னால வர விட்டிருக்க மாட்டாங்க." அவள் கண்கள் கலங்கிவிட்டன. "இப்ப எல்லாரும் போயிட்டாங்க. தன்னந்தனியா நிக்கிறான். அவங்க அம்மா வந்தும், அவனை விட்டுட்டுப் போயிட்டாங்க."

பூசாரியிடம் போனோம். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார். "வீட்டுல இருக்கிறதை நான் விரட்ட முடியாது. பெத்தவ வாயால மகனேன்னு கூப்பிட்டுக் கதவைத் திறந்துவிட்டிருக்கா. அவளே போன்னு சொன்னாத்தான் உண்டு. முதல்ல சொந்த மகனை அந்த வாசல்ல கொண்டுபோய் நிறுத்து. பெத்தவளுக்குத் தெரியாமப் போகாது."

அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை. பெற்றவளுக்குத் தெரியாமல் போகாது.

மறுநாள் பிற்பகல் தனியாகப் போனேன். ஊதுபத்தி கொளுத்தினேன். நான் அதுவரை எந்தச் சாமிக்கும் கொளுத்தினதில்லை. கைப்பிடிச் சுவரைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் சத்தமாகச் சொன்னேன். பான் குவான்லின். பாவ்ஜூவின் மகன். பிறந்த நாள் இது, தெரு இது, கதவு இலக்கம் இது. "லியாங் வந்திருக்கேன்டா. உங்கம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன். ஏறு."

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு பின்சீட் ஒரு ஆள் எடைக்கு அமுங்கியது. சரியாக ஒரு ஆள் எடை. என் முதுகில் ஈரம் பட்டது. நடுங்குகிற உடம்பின் ஈரம். யாரோ என் சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்கள்.

பயம்தான். ஆனால் பயத்தைவிட அழுகைதான் முன்னால் வந்தது. அந்தப் பிடி அவ்வளவு மரியாதையாக இருந்தது. ஒவ்வொரு பாலத்திலும் சொல்லிக்கொண்டு வந்தேன். "பாலம் வருதுடா. பிடிச்சுக்கோ. இதோ வந்துட்டோம்."

அக்காவின் வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தினேன், இறங்கவில்லை.

விளக்கு அணையவில்லை.

"அக்கா," என்றேன். "அக்கா, கதவைத் திற."

உள்ளே சலசலவென்று ஏதேதோ ஒதுங்கின. சங்கிலி போட்டபடியே கதவு ஒரு சாண் திறந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை முகத்தில் அடித்தது. அவள் கண்கள் குழிக்குள் போயிருந்தன. ஆனால் அந்த வெளிச்சம் அப்படியே இருந்தது.

"என்ன தம்பி?"

"குவான்லினைக் கூட்டிட்டு வந்திருக்கேன் அக்கா. பாலத்துலதான் இருந்தான். உள்ள இருக்கிறது அவன் இல்லை. பாரு. பெத்தவ நீ, பார்த்தா தெரியும்."

அவள் என்னைத் தாண்டி வண்டியின் பின்சீட்டைப் பார்த்தாள். நான் திரும்பவில்லை, திரும்ப தைரியமில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் உதடு துடித்தது. புருவம் சுருங்கியது. கை தானாகச் சங்கிலியின்மேல் போனது. தெரிந்துவிட்டது, திறக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், இருட்டுக்குள், ஒரு சின்னக் குரல் சொன்னது.

"அம்மா, பயமா இருக்கு."

அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னும். "அம்மா, கதவைச் சாத்து. அம்மா, அவனை விடாதே."

அவள் கை சங்கிலியை விட்டுவிட்டது. கீழே குனிந்து எதன் தலையையோ தடவிக்கொடுத்தாள்.

"பயப்படாதீங்க. அம்மா இருக்கேன்ல," என்றாள். பிறகு நிமிர்ந்து, ஊர்க்காரனிடம் பேசுகிற குரலில் என்னிடம் கெஞ்சினாள். "யாரோ தெரியலை தம்பி, பார்க்கவே கொடூரமா, தலையெல்லாம் ரத்தமா உக்காந்திருக்கான். எம்புள்ளைங்க நடுங்குதுங்க. உனக்குப் புண்ணியமாப் போகும், அவனைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வந்துடு."

"அக்கா, அது உன்..."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

என் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் மெல்ல விலகின. பின்சீட் எழும்பவில்லை. ரொம்ப நேரம் எதுவுமே நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் படையல் மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நான் இறங்கி ஹேண்டிலைத் திருப்பி, வண்டியைத் தள்ளிக்கொண்டு என் ஒர்க்‌ஷாப்புக்கே வந்து சேர்ந்தேன். வேறு எங்கே கொண்டுபோய் விடுவது அவனை?

ஏழாம் மாதம் முடிந்து பாதாளத்தின் கதவு சாத்தியாகிவிட்டது. பாவ்ஜூ அக்காவின் அடுப்புப் புகை இன்னும் நாள் முழுக்க வருகிறது. அவள் எலும்பும் தோலுமாகிவிட்டாள், ஆனால் சந்தோஷமாக இருக்கிறாள் என்கிறார்கள். நான் அந்தத் தெருவுக்குப் போவதில்லை. யாஃபெங் சாயங்காலம் ஒரு கிண்ணம் சோற்றை அந்த வண்டிக்கு முன்னால் வைக்கிறாள். நான் அதைத் தொடுவதில்லை.

வண்டியை உள்சுவரைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்தில் சங்கிலி போட்டு, பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் கடையைப் பூட்டுகிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது சங்கிலி அப்படியேதான் இருக்கிறது. வண்டி மட்டும் அவள் வீட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. பின்சீட் நனைந்திருக்கிறது.